வரியும் நம்முடையது, வழியும் நம்முடையது



நல்ல விதை எது, உரத்தை எப்போது வைப்பது, பூச்சிக்கு என்ன மருந்து என்றெல்லாம் நாம் அடிக்கடி பேசுகிறோம். விளைந்த பொருள் களத்திலிருந்து சந்தைக்குப் போய்ச் சேர்கிற வழியைப் பற்றி அவ்வளவாகப் பேசுவதில்லை. மழை நாளில் மூட்டை ஏற்றிய டிராக்டர் சேற்றில் புதைந்தால்தான் ரோடு ஞாபகம் வருது. அப்போதும், "சர்க்கார் போட மாட்டேங்குதே" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு விட்டுவிடுகிறோம். அந்த ரோடு யார் பணத்தில் வந்தது, யார் போட்டது, யார் பார்த்துக்கொள்ள வேண்டும் என்கிற கதை நமக்குத் தெரிந்திருந்தால், கேட்க வேண்டிய இடத்தில் கேட்கலாம். அதனால் இன்றைக்குச் செஞ்சி, மேல்மலையனூர்ப் பக்கத்துச் சாலைகளை வைத்து அந்தக் கதையைச் சொல்கிறேன். இது உங்கள் ஊருக்கும் பொருந்தும்.

கோட்டைக்குள்ளே தானியம், வெளியே பட்டினி

செஞ்சிக் கோட்டையை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். 2025 ஜூலையில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னங்களின் பட்டியலில், மராட்டியர் கோட்டைகளின் வரிசையில் அதுவும் இடம் பெற்றது. ராஜகிரி அடிவாரத்தில் பெரிய நெற்களஞ்சியம் இருக்கிறது. எதற்கு அவ்வளவு பெரிய களஞ்சியம்? எதிரி வழியை அடைத்துவிட்டால் உள்ளே இருப்பவர்கள் சாப்பிட வேண்டுமே, அதற்குத்தான்.

1690ல் ஔரங்கசீப்பின் தளபதி சுல்பிகர் கான் பெரும்படையோடு வந்து கோட்டையை வளைத்தார். உள்ளே இருந்தவர் சிவாஜியின் மகன் ராஜாராம். முற்றுகை 1698 வரைக்கும் நீண்டது. நடுவிலே ஒரு வேடிக்கை பாருங்கள். கோட்டைக்குள்ளே இருந்தவர்களை விட வெளியே வளைத்து உட்கார்ந்திருந்த படைக்குத்தான் பஞ்சம் வந்தது. மராட்டியக் குதிரைப்படை தானியம் வருகிற வழிகளை மறித்துவிட்டது. 1693 ஜனவரியில் சுல்பிகர் கான் கூடாரத்தைப் பிரித்துக்கொண்டு வந்தவாசிக்குப் பின்வாங்க வேண்டியதாயிற்று.

அந்தக் காலத்தில் படைக்குத் தானியம் கொண்டுவந்தவர்கள் லம்பாடிகள். ஆயிரக்கணக்கான பொதிமாடுகளின் முதுகில் தானியத்தையும் உப்பையும் ஏற்றி ஓட்டி வருவார்கள். பொதிமாட்டுக்கு ரோடு தேவையில்லை, ஒற்றையடிப் பாதை போதும். ஆனால் ஒரு மாடு சுமக்கிறது கொஞ்சம். அதே மாடுகள் இரண்டை வண்டியில் பூட்டினால் பல மடங்கு இழுக்கும். வண்டி ஓடத்தான் ரோடு வேண்டும். மாட்டின் முதுகிலிருந்து சுமை சக்கரத்துக்கு இறங்கினதுதான் நம் சாலைகளின் கதைக்கு ஆரம்பம்.

அரை அணாவில் தொடங்கியது

கம்பெனி ஆட்சியின் முதல் ஐம்பது அறுபது வருஷத்தில் நிலவரி வசூலித்தார்களே தவிர, ரோட்டுக்கென்று பெரிதாக ஒன்றும் செலவழிக்கவில்லை. 1852ல் மதராஸ் மாகாணத்துப் பொதுப்பணிகளை விசாரித்த குழு தன் அறிக்கையில் இதைப் பச்சையாகவே எடுத்துச் சொன்னது. வரியாக வாங்குகிற பணத்தோடு ஒப்பிட்டால் சாலைக்கும் பாசனத்துக்கும் திரும்பி வருவது மிகச் சொற்பம் என்பது அதன் சாரம். சாலை இல்லாவிட்டால் விளைச்சல் நன்றாக இருக்கிற வருஷம் விலை விழுந்துபோகும். விளையாத வருஷம் பக்கத்து ஜில்லாவில் நெல் இருந்தும் இங்கே வந்து சேராது. இரண்டிலும் நட்டம் குடியானவனுக்கு.

பிறகு என்ன செய்தார்கள்? 1866ல் ஜில்லா ரோடு செஸ் என்று ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள். நிலத்துக்குரிய தீர்வையில் ரூபாய்க்கு அரை அணா வரைக்கும் கூடுதலாகக் கட்ட வேண்டும். அந்தப் பணம் ஜில்லா ரோட்டுக்கு. 1871ல் வந்த லோக்கல் பண்டு சட்டம் அதை ரூபாய்க்கு ஓர் அணா வரைக்கும் உயர்த்தியது. அதோடு சாலையிலே போகிற வண்டி மாட்டுக்குச் சுங்கம் வாங்கவும் வழி செய்தது. 1884ல் ஜில்லா போர்டு, தாலுகா போர்டு, அதற்குக் கீழே யூனியன் பஞ்சாயத்து என்று அமைப்புகள் வந்தன.

இதை நன்றாக மனசில் வாங்கிக்கொள்ளுங்கள். இந்தப் பக்கத்து ஜில்லா ரோடுகளுக்கு முதல் முதலாக மூலதனம் போட்டவன் மோட்டார்க்காரன் அல்ல, வியாபாரியும் அல்ல. ஏர் பிடித்தவன்தான் போட்டான். நிலத்தீர்வையோடு சேர்த்துக் கட்டினான். அப்புறம் அந்த ரோட்டிலேயே வண்டி ஓட்டிப் போகும்போது சுங்கச்சாவடியில் இன்னொரு தடவை கட்டினான்.

அந்தச் சாவடிகள் 1931 வரைக்கும் இருந்தன. அந்த வருஷம் மதராஸ் மோட்டார் வாகன வரிச் சட்டம் வந்தது. மோட்டாருக்கு வரி போட்டு, சாவடிகளை எடுத்துவிட்டார்கள். வருமானம் இழந்த போர்டுகளுக்கு மோட்டார் வரியிலிருந்து ஈடு கொடுத்தார்கள். சாவடி போனாலும் பெயர் போகவில்லை. திருச்சிக்குப் பக்கத்தில் 'நம்பர் ஒன் டோல்கேட்' என்பது ஓர் ஊர்ப் பெயராகவே நிலைத்துவிட்டது. இன்றைக்கு விக்கிரவாண்டியில் கட்டணம் கட்டிவிட்டுப் போகிறோமே, அது புதுப் பழக்கம் இல்லை. பாட்டன் காலத்தில் எடுத்ததைப் பேரன் காலத்தில் திரும்ப வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

பஞ்சத்தில் உடைத்த ஜல்லி

சாலையைப் பற்றிப் பேசும்போது தாது வருஷப் பஞ்சத்தைச் சொல்லாமல் விடக்கூடாது. 1876லிருந்து 1878 வரைக்கும் தென்னிந்தியாவை வாட்டிய பஞ்சம் அது. மதராஸ் மாகாணத்தில் லட்சக்கணக்கானவர்கள் மாண்டார்கள். தானியமே இல்லை என்று சொல்ல முடியாது. கப்பலில் அரிசி சென்னைக்கு வந்து இறங்கியது. ரயில் நிலையம் வரைக்கும் வந்தது. அங்கிருந்து உள்ளூருக்குக் கொண்டுபோக வண்டி வேண்டும், மாடு வேண்டும். தீவனமும் தண்ணீரும் இல்லாமல் மாடுகள் செத்துக்கொண்டிருந்தன. பல இடங்களில் நல்ல ரோடும் இல்லை.

பசியில் வந்தவர்களுக்கு நிவாரண வேலை என்று கொடுத்தார்கள். கல் உடைப்பது, மண் சுமப்பது, சாலைக்குக் கரை போடுவது, கால்வாய் வெட்டுவது. 1877 தொடக்கத்தில் சர் ரிச்சர்டு டெம்பிள் என்கிற அதிகாரி, ஓர் ஆளுக்கு ஒரு நாள் கூலியை ஒரு பவுண்டு தானியமும் கொஞ்சம் சில்லறையும் வாங்குகிற அளவுக்குக் குறைத்தார். ஒரு பவுண்டு என்றால் அரைக் கிலோவுக்கும் குறைவு. நாள் முழுவதும் கல் உடைக்கிறவனுக்கு அது போதாது என்று மாகாணத்தின் சுகாதாரக் கமிஷனராக இருந்த டாக்டர் கார்னிஷ் வாதாடினார். அந்த வாதத்துக்கு முழுப் பலன் கிடைப்பதற்குள் பல உயிர் போய்விட்டது. இந்த மாகாணத்துச் சாலைகள் பலவற்றின் அடியிலே அந்தப் பஞ்சத்துக் கைகள் உடைத்த ஜல்லி கிடக்கிறது.

அந்தப் பஞ்சத்துக்குப் பிறகு 1880ல் பஞ்சக் கமிஷன் அறிக்கை வந்தது. பஞ்சம் வந்தால் வேலை கொடுத்துச் சோறு போட வேண்டியது அரசின் கடமை என்பது விதியாக எழுதப்பட்டது. அந்த விதை வெகு காலம் கழித்து 2006 பிப்ரவரியில் ஊரக வேலை உறுதித் திட்டமாக முளைத்தது. தமிழ்நாட்டில் முதல் கட்டமாக எடுத்துக்கொண்ட ஆறு மாவட்டங்களில் நம் விழுப்புரமும் ஒன்று. ஆனால் இங்கே கூலி கருணையால் வரவில்லை, உரிமையாக வந்தது. அந்த வித்தியாசத்துக்கு ஏறக்குறைய 130 வருஷம் ஆகியிருக்கிறது.

மல்லாட்டையும் ரயிலும்

தென்னார்க்காட்டு ஜில்லாவுக்குச் சாலையின் அருமையை நெல்லை விட நன்றாகச் சொல்லிக் கொடுத்தது மல்லாட்டை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் இந்தப் பக்கத்து நிலக்கடலை வண்டி வண்டியாகப் புதுச்சேரித் துறைமுகத்துக்குப் போய், அங்கிருந்து கப்பலேறி பிரான்சு தேசத்து மார்செய் நகரத்து எண்ணெய் ஆலைகளுக்குப் போனது. 1879ல் விழுப்புரத்திலிருந்து புதுச்சேரிக்கு ரயில் வந்தது. திண்டிவனம் வழியாக மெயின் லைன் போனது. திருவண்ணாமலை வழியாகக் காட்பாடிப் பாதை போனது. இரண்டுக்கும் நடுவிலே இருக்கிற செஞ்சிக்கு ரயில் வரவில்லை.

அதனால் செஞ்சித் தாலுகா முழுக்க முழுக்க ரோட்டை நம்பிப் பிழைத்த சீமை. இன்றைக்கும் அப்படித்தான். திண்டிவனம், செஞ்சி, திருவண்ணாமலைப் புது ரயில் பாதை 2006-07 ரயில்வே பட்ஜெட் காலத்திலிருந்து பேச்சில் இருக்கிறது. இன்னும் அதிலே ரயில் ஓடவில்லை. செஞ்சி ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்துக்கு அறுவடைக் காலத்தில் வரிசையாக நிற்கிறதே நெல் மூட்டை, அத்தனையும் டிராக்டரிலும் லாரியிலும் ரோட்டு வழியாகத்தான் வந்து சேருகிறது.

அணாவிலிருந்து பெட்ரோலுக்கு

மோட்டார் பெருகியபோது ஜில்லா போர்டுகளால் தாங்க முடியவில்லை. கப்பி ரோட்டை மாட்டு வண்டியின் இரும்புப் பட்டை ஒரு பக்கம் அறுத்தது, லாரி இன்னொரு பக்கம் பெயர்த்தது. 1927ல் ஜெயகர் என்பவர் தலைமையில் ஒரு குழு போட்டார்கள். அதன் யோசனைப்படி 1929ல் பெட்ரோலுக்குக் காலனுக்கு இரண்டணா கூடுதல் வரி வைத்து மத்திய சாலை நிதி தொடங்கினார்கள். 1943ல் நாகபுரியில் என்ஜினியர்கள் கூடி ஒரு திட்டம் வகுத்தார்கள். நன்றாக விளைகிற பகுதியில் எந்தக் கிராமமும் பெரிய சாலையிலிருந்து 5 மைலுக்கு மேல் தள்ளி இருக்கக் கூடாது என்பது அதில் ஒரு குறிக்கோள். 1946ல் நம் மாகாணத்தில் நெடுஞ்சாலைத் துறை தனியாக ஏற்பட்டது.

1958 பஞ்சாயத்துச் சட்டத்துக்குப் பிறகு ஜில்லா போர்டுகள் கலைக்கப்பட்டன. பெரிய சாலைகள் நெடுஞ்சாலைத் துறைக்குப் போயின. ஊர்ச் சாலைகள் ஊராட்சி ஒன்றியத்துக்கும் ஊராட்சிக்கும் வந்தன. 2000 டிசம்பர் 25ம் தேதி பிரதம மந்திரி கிராமச் சாலைத் திட்டம் தொடங்கியது. சமவெளியில் 500 பேருக்கு மேல் வசிக்கிற, சாலை இணைப்பு இல்லாத குடியிருப்புகளுக்குத் தார் ரோடு போடுவது அதன் நோக்கம். அதற்கான பணத்தில் ஒரு பங்கு டீசல், பெட்ரோல் மீதான வரியிலிருந்து வருகிறது. ஆக, டிராக்டருக்கு டீசல் போடுகிறபோதெல்லாம் நீங்கள் ரோட்டுக்கும் ஒரு பங்கு கட்டிக்கொண்டுதான் இருக்கிறீர்கள்.

பஸ் விஷயமும் இப்படித்தான். 1975ல் விழுப்புரத்தைத் தலைமையிடமாகக் கொண்டு தந்தை பெரியார் போக்குவரத்துக் கழகம் ஏற்பட்டது. மேல்மலையனூர் அங்காளம்மன் கோயிலுக்கு அமாவாசை இரவு ஊஞ்சல் உற்சவத்துக்கும், மாசியில் மயானக் கொள்ளைக்கும் ஜனம் எங்கெங்கிருந்தோ வந்து குவிகிறது. சிறப்புப் பஸ்கள் விடுகிறார்கள். முன்னே வண்டி கட்டிக்கொண்டு, கட்டுச்சோற்று மூட்டையோடு வழியில் தங்கித் தங்கி வந்த ஊர் இது. அம்மன் பெயரால் நல்ல ரோடு வந்தது. அந்த ரோட்டிலே மற்ற 29 நாளும் பால் கேனும் நெல் மூட்டையும் பள்ளிக்கூடப் பிள்ளைகளும் போகிறார்கள். 2021 மே மாதத்திலிருந்து சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. ஆனால் பஸ் வர ரோடு வேண்டுமே! 108 ஆம்புலன்சுக்கும் அதே கதிதான். பிரசவ வலியோடு இருக்கிற பெண்ணுக்கு ஊர்க்கோடியில் உடைந்து கிடக்கிற சிறுபாலம்தான் தலைவிதியாகப் போய்விடும்.

தண்ணிக்கு வழி விடு

ரோட்டுக்கு முதல் எதிரி யார்? லாரி என்பீர்கள். இல்லை, தண்ணீர். இருநூறு வருஷத்துக்கு முன்னாடி ஸ்காட்லாந்துக்காரர் மெக்காடம் கண்டு சொன்ன உண்மை இது. சுமையைத் தாங்குவது மேலே போட்ட கல் இல்லை, அடியிலே இருக்கிற மண். மண் காய்ந்திருந்தால் எவ்வளவும் தாங்கும். ஈரம் இறங்கினால் உளையாகிவிடும். அதனால்தான் ரோட்டின் நடு முதுகு உயர்ந்தும் இரண்டு பக்கமும் சரிந்தும் இருக்க வேண்டும், ஓரத்தில் வடிகால் இருக்க வேண்டும் என்கிறார்கள்.

இரண்டாவது எதிரி அதிகப் பாரம். அமெரிக்காவில் 1950களின் கடைசியில் லாரிகளைச் சோதனைச் சாலையில் மாதக்கணக்கில் ஓட்டிப் பார்த்துக் கணக்கெடுத்தார்கள். அச்சின் மேல் சுமை இரண்டு மடங்கானால் ரோட்டுக்குச் சேதம் இரண்டு மடங்கு ஆவதில்லை, ஏறக்குறைய 16 மடங்கு ஆகிறது. கல்குவாரிக்குப் போகிற டிப்பர் லாரி ஊராட்சி ரோட்டில் நுழைந்தால் ஒரே வருஷத்தில் ஏன் குண்டும் குழியுமாகிறது என்பதற்குப் பதில் இதிலே இருக்கிறது.

பாலத்துக்கு இன்னும் கவனம் வேண்டும். நம்முடையது ஏரிச் சீமை. ரோடு என்பது குறுக்கே போட்ட ஒரு கரைதான். ஏரிக் கோடி வழிந்து வருகிற தண்ணீருக்கு அதிலே போதுமான கண் விடாவிட்டால், தண்ணீர் தானே வழி செய்துகொள்ளும். 2024 டிசம்பர் தொடக்கத்தில் பெஞ்சல் புயல் இதை நினைவூட்டியது. மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 சென்டிமீட்டர் மழை கொட்டியது. விக்கிரவாண்டி, முண்டியம்பாக்கம் இடையே ரயில் பாலத்தில் வெள்ளம் அபாய அளவைத் தாண்டியதால் ரயில்கள் நின்றன. சாத்தனூர் அணையிலிருந்து தென்பெண்ணையில் வினாடிக்கு 1.68 லட்சம் கனஅடி வரை திறந்தார்கள். அரசூரில் தேசிய நெடுஞ்சாலையே முழுகியது. அகரம்பள்ளிப்பட்டுக்கும் தொண்டமானூருக்கும் நடுவே சுமார் 16 கோடி ரூபாயில் கட்டி, அந்த செப்டம்பரில்தான் திறந்த பாலம் மூன்றே மாதத்தில் அடித்துக்கொண்டு போனது. மழையின் போக்கு மாறிவருகிற காலத்தில் பழைய வெள்ளக் கணக்கை வைத்துப் பாலம் கட்டினால் தாங்காது.

போடுவது ஒரு நாள், காப்பது தினமும்

இந்தக் கதை முழுவதிலும் ஒரு குறை விடாமல் வருகிறது. புது ரோடு போடப் பணம் கிடைத்துவிடுகிறது. போட்டதைக் காப்பதற்குத்தான் கிடைப்பதில்லை. புது ரோட்டுக்குத் திறப்பு விழா உண்டு. வடிகாலைத் தூர் வாரினதற்கு யார் மாலை போடுகிறார்கள்?

சாலை ஓரத்தில் மண்வெட்டியும் கூடையுமாக நின்று, பள்ளத்தை அடைத்து, புல்லைச் செதுக்கி, மதகு அடைப்பை எடுத்தவர்கள் சாலைப் பணியாளர்கள். 1997ல் தமிழ்நாட்டில் சுமார் 10 ஆயிரம் பேரை இந்த வேலைக்கு எடுத்தார்கள். 2002ல் அவர்களை வேலையிலிருந்து நீக்கினார்கள். நீண்ட போராட்டத்துக்குப் பிறகு 2006ல் திரும்ப எடுத்தார்கள். அந்த நான்கு வருஷம் அந்தக் குடும்பங்கள் பட்ட பாடு ஒரு பக்கம். ஆள் இல்லாத ரோடு பட்ட பாடு இன்னொரு பக்கம். சின்னக் குழியை ஒரு கூடை ஜல்லியில் அடைக்கலாம். விட்டுவிட்டால் ரோட்டையே பெயர்த்துப் போட வேண்டிவரும்.

இனி நாம் செய்யக்கூடியதைச் சொல்கிறேன்.

முதலில், உங்கள் ஊர் ரோடு யாருடையது என்று தெரிந்துகொள்ளுங்கள். கிலோமீட்டர் கல்லின் தலையைப் பாருங்கள். மஞ்சள் என்றால் தேசிய நெடுஞ்சாலை. பச்சை என்றால் மாநில நெடுஞ்சாலை. நீலமோ கறுப்போ இருந்தால் மாவட்டச் சாலை. ஆரஞ்சு என்றால் கிராமச் சாலை. தேசிய நெடுஞ்சாலைக் குழிக்கு ஊராட்சித் தலைவரிடம் சண்டை போட்டுப் பயனில்லை.

இரண்டாவது, கிராமச் சாலைத் திட்டத்தில் போட்ட ரோடானால் அங்கே ஒரு பலகை இருக்கும். செலவு எவ்வளவு, எப்போது முடிந்தது என்று அதிலே எழுதியிருக்கும். முடிந்த நாளிலிருந்து 5 வருஷம் பராமரிக்க வேண்டியது அதே ஒப்பந்தக்காரரின் பொறுப்பு. அந்தத் தேதியைக் குறித்து வைத்துக்கொண்டு கிராம சபையில் கேளுங்கள். ஜனவரி 26, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2 ஆகிய நாட்களில் கிராம சபை கூடுகிறது. மார்ச் 22, நவம்பர் 1 தேதிகளும் பிற்பாடு சேர்ந்திருக்கின்றன. வாயால் சொன்னால் காற்றோடு போகும். தீர்மானமாக எழுதச் சொல்லுங்கள்.

மூன்றாவது, நம் பக்கத்திலும் தப்பு இருக்கிறது. வயல் தண்ணீரை ரோட்டு மேலே திருப்பிவிடுகிறோம். வரப்பை வருஷா வருஷம் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி ரோட்டோர வடிகாலை வயலோடு சேர்த்துவிடுகிறோம். களம் இல்லையென்று தார் ரோட்டிலே நெல்லையும் கேழ்வரகுக் கதிரையும் பரப்பி, சுற்றிலும் கல்லை வைக்கிறோம். இருட்டில் வருகிற மோட்டார் சைக்கிள்காரன் அந்தக் கல்லில் விழுந்தால் போவது யாரோ ஒருவர் பிள்ளை. உலர்களம் வேண்டுமென்று அதே கிராம சபையில் கேட்போம். ரோட்டை ரோடாக விடுவோம்.

ஐப்பசி மழை பிடிப்பதற்கு முன்னே, புரட்டாசியிலேயே ஊரார் நாலு பேர் கூடி உங்கள் ரோட்டில் உள்ள மதகுகளைக் குனிந்து பாருங்கள். அடைப்பு இருந்தால் ஒன்றியத்துக்கு எழுதிக் கொடுங்கள். ஒரு நகலைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். அரை அணா காலத்திலிருந்து பணம் கட்டிவருகிற நமக்கு அதைக் கேட்கிற பாத்தியதை நன்றாகவே உண்டு.